கிரேக்கத்தில் எனக்குத் தெரிந்தது துணி மட்டும்

கிரேக்க மொழியில் எனக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. வழி கேட்கத் தெரியாது. 'சாப்பிட்டீர்களா' என்று விசாரிக்கவும் தெரியாது. ஆனால் ஒரு மனிதர் தலை முதல் கால் வரை என்ன உடுத்தியிருந்தாலும் அதன் பெயரைச் சொல்லிவிடுவேன். சட்டையின் கழுத்துப்பட்டைக்கு என்ன பெயர், கைக்கு என்ன பெயர், பொத்தானுக்கு என்ன பெயர் என்பதுகூடத் தெரியும்.

புக்கிட் பாத்தோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே கூடும் நண்பர்கள் ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னபோது இதைத்தான் எழுதச் சொன்னார்கள். "கதிரேசன் கிரேக்கம் பேசுவாராம்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பேசமாட்டேன். தமிழிலேயே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. முழங்கால் தேய்ந்து, கப்பல் ஏணி ஏற முடியாமல், மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வேலையை விட்டேன். நான் விட்ட கொஞ்ச நாளில் எங்கள் நிறுவனமும் கப்பல் துணியை விட்டுவிட்டது. இப்போது கப்பல்களிலேயே நல்ல இயந்திரங்கள் இருக்கின்றன. அதனால் இந்தச் சொற்கள் இனி யாருக்கும் பயன்படப் போவதில்லை. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது யாரிடமாவது சொல்லப்பட வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றுகிறது. 

தொடக்கநிலை ஆறோடு என் படிப்பு நின்றது. தேக்கா சந்தையில் மூட்டை தூக்கினேன். பிறகு சிராங்கூன் ரோட்டின் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு சலவை நிறுவனத்தில் சேர்ந்தேன். துறைமுகத்துக்கும் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறைகளுக்கும் வரும் கப்பல்களிலிருந்து துணி எடுத்து, துவைத்து, தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது வேலை. மடிக்கப் பழகினேன், நீராவித் தேய்ப்பில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கப் பழகினேன், லாரி ஓட்டப் பழகினேன். அவ்வளவுதான் பயிற்சி.

எங்கள் மேலாளர் தனபால் சார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கேயே இருக்கும் குடும்பம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான், கைப்பொத்தான் போட்டிருப்பார். எங்களை 'நீர்' என்றுதான் கூப்பிடுவார். முதலில் எனக்கு அது திட்டுவதுபோல் இருந்தது. போகப் போக, அது அவருடைய மரியாதை என்று புரிந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் இரும்பு மாதிரி. ஓடுகிற இயந்திரத்தை இடையில் நிறுத்த விடமாட்டார். தீப்பிடித்தால் ஒழிய அந்தச் சிவப்புப் பொத்தானைத் தொடக்கூடாது என்பார்.

அழுக்குத் துணி வாங்குவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். கப்பலின் நடைவழியில், துணிக்குச் சொந்தக்காரர் முன்னாலேயே பையை அவிழ்க்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, அதன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் அடையாள வில்லையைக் குத்த வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. ஆரம்பத்தில் இதை ஆங்கிலத்தில் செய்தோம். ஒருமுறை வயதான கிரேக்கக் கேப்டன் ஒருவர், தன் துணி ஒன்றைத் தொலைத்துவிட்டோம் என்று கப்பல் புறப்படுகிற நேரத்தில் ஏணிமேல் நின்று கத்தினார். அவர் ஒரு பெயர் சொல்கிறார், நான் ஒரு பெயர் சொல்கிறேன். இரண்டும் ஒரே துணியா வேறு வேறா என்று இருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அது அவர் போட்டிருந்த சட்டைக்குள்ளேயே இருந்தது.

நான் திரும்பி வந்து சொன்னதை எல்லாம் தனபால் சார் கேட்டுக்கொண்டார்.

"அவையின்ர மொழியிலையே பேரைச் சொல்லியிருந்தா இது வந்திராது."

"சார், எனக்கு இங்கிலீஷே சரியா வராது. வேற மொழில எப்படிப் பேசுறது?"

"நீர் கதைக்க வேண்டாம், கதிர். பேரைச் சொன்னாக் காணும்."

அந்தச் சொல் எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. பேச வேண்டாம், பெயர் மட்டும் போதும் என்று ஒரு மொழியை எனக்கு யாரும் அதுவரை கொடுத்ததில்லை.

கற்றுக்கொடுத்தவர் ஸ்டாவ்ரோ. அப்போது அவர் அந்தக் கப்பலில் இளநிலை எஞ்சினியர். பின்னால் சீஃப் எஞ்சினியர் ஆனார். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் சமமாக நொண்டும். நடைவழியில் தன் பையைக் கவிழ்த்துப்போட்டு, ஒவ்வொன்றாகத் தூக்குவார்.

சட்டை பூகாமிசோ. மலாய்க்காரர்கள் சட்டையைக் கெமேஜா என்பதால் அது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. கால்சட்டை பந்தெலோனி. பனியன் ஃபனேலா. காலுறை கால்ட்செஸ். கோட்டுக்கு ஸாக்காக்கி. கழுத்துப்பட்டை யாக்கா, சட்டைக்கை மனிக்கி, பொத்தான் கூம்பி. படுக்கை விரிப்பு ஸென்தோனி. தலையணை உறைக்கு மட்டும் ஒரு முழம் நீளப் பெயர், மக்ஸிலரோதிக்கி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் உறையை மடித்து வைத்துவிடலாம்.

உள்ளாடைக்கு ஸோவ்ரக்கோ. ஒருநாள் கேப்டனின் மனைவி கப்பலில் தங்கியிருந்தார். தனபால் சார் சொன்ன முறை தவறக்கூடாது என்று, நான் கேப்டனின் பையை அவிழ்த்து, அந்த அம்மாள் எதிரிலேயே அதைத் தூக்கிக் காட்டி, "ஸோவ்ரக்கோ" என்று உரக்கச் சொன்னேன். நடைவழி முழுவதும் ஒரே சிரிப்பு. அந்த அம்மாள் ஒன்றும் நடக்காததுபோல் தலையசைத்தார். எனக்குக் காது மடல் சுட்டது. ஸ்டாவ்ரோ சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அடுத்த முறை நான் மெதுவாகச் சொன்னபோது, "கேட்கவில்லை, இன்னும் சத்தமாக" என்று எஞ்சின் அறைக் கதவிலிருந்து கத்தினார்.

மனப்பாடம் செய்ய எனக்கு ஒரு வழி இருந்தது. வேலைக்கு ரயிலில் வரும்போது, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மனத்துக்குள் பெயர் சொல்லிக்கொண்டே வருவேன். மரகதம், என் மனைவி, கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னங்க, உதடு அசையுது. சாமி கும்பிடுறீங்களா?"

"கிரேக்கம்."

"சேலைக்கு என்ன?"

"அவங்ககிட்ட சேலை இல்ல."

"வேட்டிக்கு?"

"அதுவும் இல்ல."

"சேலையும் இல்ல, வேட்டியும் இல்ல. அதையா இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கிறீங்க?"

எல்லாவற்றிலும் நான் அதிகம் சொன்ன சொல் ஒன்று உண்டு. துவைக்காத துணி, அழுக்குத் துணி. கிரேக்கத்தில் ஆப்லித்தா. நடைவழியில் நின்று "ஆப்லித்தா" என்று குரல் கொடுப்பேன். அறைக் கதவுகள் திறந்து பைகள் வெளியே வரும். வருடங்கள் போகப் போக அந்தக் கப்பல்களில் கிரேக்கர்கள் குறைந்து, பெரும்பாலும் பிலிப்பீன்ஸ்காரர்களே இருந்தார்கள். கேப்டன் ஒருவர், சீஃப் ஒருவர், அவ்வளவுதான் கிரேக்கர்கள். ஆனாலும் ஸ்டாவ்ரோ இருக்கும் கப்பலில் நான் அந்தச் சொல்லைத்தான் கூவுவேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய கப்பல் பழுதுபார்க்கப் பட்டறைக்கு வந்தது. அங்கே நிற்கும்போது கப்பலில் தண்ணீர் ஓடாததால் துணி மொத்தமும் எங்களிடம் வந்தது. ஸ்டாவ்ரோ இளைத்திருந்தார். பையை அவிழ்த்தோம், பெயர் சொன்னேன், தலையசைத்தார். அடுத்த மாதம் வீட்டுக்குப் போகிறேன் என்றார். எஞ்சின் அறையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

மறுநாள் கப்பல் ஏஜென்சியிலிருந்து பிரியா தொலைபேசியில் அழைத்தார். சுவா சூ காங்கில் வசிக்கும் பெண், சின்ன வயது, வேலையில் கெட்டி.

"அங்கிள், சீஃப் காலமாயிட்டாரு. எஞ்சின் ரூம்ல விழுந்துட்டாரு. ஹாஸ்பிட்டல் கொண்டு போனாங்க. ஹார்ட்."

தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினேன்.

"அங்கிள், இருக்கீங்களா? அவரோட துணி உங்ககிட்டதானே இருக்கு. வைஃப் ஃப்ளைட் ஏறிட்டாங்க. நல்லா வாஷ் பண்ணி, அயர்ன் பண்ணி வைங்க. பாவம்லா. அவங்க கையில போய் அழுக்குத் துணியையா குடுக்கறது."

சரி என்றேன். தனபால் சாரிடம் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "அதை முதல்ல செய்யும். மற்றத் துணியோட போட வேண்டாம். நீரே செய்யும்" என்றார்.

நானே செய்தேன். கழுத்துப்பட்டைகளைக் கையால் கசக்கினேன். எஞ்சின் அறை உடுப்பில் இருந்த எண்ணெய்க் கறையை மருந்து போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, துளி இல்லாமல் எடுத்தேன். நல்ல தண்ணீரில் மறுபடியும் அலசினேன். தளர்ந்திருந்த ஒரு பொத்தானைத் தைத்தேன். என் அப்பா இறந்தபோது அவருடைய துணிகளை மூட்டை கட்டி அன்றைக்கே வெளியே போட்டுவிட்டோம். வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். அந்த வழக்கத்தில் வளர்ந்த கைக்கு, இறந்தவர் துணியை இவ்வளவு பக்குவமாகச் செய்தது அதுதான் முதல் முறை. மெல்லிய தாள் வைத்து மடித்துப் பொட்டலம் கட்டியபோது, ஸ்டாவ்ரோவுக்கு என்னால் முடிந்ததைச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் ஸ்டாவ்ரோவின் மனைவி வந்தார். பெயர் எலேனி என்று பிரியா சொன்னார். சிறிய உருவம், கறுப்பு உடை, கண்ணாடி. பிரியாவின் கையில் தொலைபேசி இருந்தது. அந்த அம்மாள் கிரேக்கத்தில் சொன்னால் அது ஆங்கிலத்தில் சொல்லும், பிரியா சொன்னால் அது கிரேக்கத்தில் சொல்லும். அப்படித்தான் விமான நிலையத்திலிருந்து பேசிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

நான் பொட்டலத்தை மேசைமேல் வைத்து அவிழ்த்தேன். துக்கம் விசாரிக்க எனக்கு அவர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரிந்ததைச் செய்தேன். முதல் துணியை இரண்டு கையாலும் எடுத்து அவர் முன் வைத்து, மெதுவாக, "பூகாமிசோ" என்றேன். அடுத்ததை வைத்தேன். "ஃபனேலா."

அவர் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பேச ஆரம்பித்தார். மடை திறந்ததுபோல் பேசினார். நான் அவர் மொழி தெரிந்தவன் என்று நினைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் முடியவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குள் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. நான் ஆயிரம் தடவை நடைவழியில் கூவிய சொல். ஆப்லித்தா.

கேட்டேன், நம்பவில்லை. அழுக்குத் துணியை யார் கேட்பார்கள்? தேய்த்த சட்டையைத்தான் மறுபடியும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் பனியனை எடுத்தார். அதில் முகத்தைப் புதைத்து, மூச்சை உள்ளே இழுத்தார். கீழே வைத்தார். சட்டையை எடுத்தார், முகர்ந்தார், வைத்தார். எஞ்சின் அறை உடுப்பு. கம்பளிச் சட்டை. காலுறை. பூட்டிய வீடுகளின் கதவை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போவதுபோல் இருந்தது. கடைசித் துணியையும் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பிரியா தொலைபேசியை நீட்டினார். அந்த அம்மாள் அதனிடம் சொன்னார். அது பேசியது.

"துவைக்காதது ஏதாவது இருக்கான்னு கேக்கறாங்க" என்றார் பிரியா. உடனே தலையை ஆட்டினார். "இல்ல அங்கிள், ஃபோன் தப்பா சொல்லுது லா. மறுபடியும் கேக்கறேன்."

"வேணாம்மா," என்றேன். "சரியாத்தான் சொல்லுது."

பிரியா என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். துவைக்கச் சொன்னது அவர். கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மீதியைத் தொலைபேசி கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னது. ஸ்டாவ்ரோ வீட்டைவிட்டுக் கிளம்பி மாதக்கணக்காகிறது. அவர் கிளம்பியதும், வழக்கம்போல, வீட்டில் கிடந்த அவர் துணி எல்லாவற்றையும் இந்த அம்மாளே துவைத்து மடித்து வைத்துவிட்டார். கப்பலிலிருந்து கொடுத்த பெட்டியில் இருப்பதெல்லாம் துவைத்த துணி. கோட்டில் பூச்சி உருண்டை வாசம்தான் வருகிறது. மருத்துவமனையில் உடுத்தியிருந்ததை வெட்டி எடுத்து எறிந்துவிட்டார்கள். புதிய சீஃப் வருகிறார் என்று அறையைக் கழுவிவிட்டார்கள். சலவைக்குப் போட்டது இருக்கிறது என்று கேள்விப்பட்டு, அந்த ஒன்றை நம்பி இந்தச் சந்துக்கு வந்திருக்கிறார். அவர் மணம் உள்ள துணி ஒன்று. அது போதும்.

வாழ்நாள் முழுதும் நான் செய்த வேலை என்ன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர்களின் வாசனையை எடுப்பது. நன்றாக எடுத்தால் நல்ல வேலைக்காரன்.  மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அறையைக் கழுவினார்கள் என்றால் படுக்கையைக் கலைத்திருப்பார்களே என்று தோன்றியது. படுக்கைத் துணி கப்பலுடையது. அது தனி ஆளின் பையில் வராது, எல்லார் விரிப்போடும் உறையோடும் சேர்ந்து பெரிய சாக்குகளில் வரும். அந்தச் சாக்குகள் முந்தின நாள்தான் வந்தன. பின்னால் கிடந்தன. அன்று மாலை போட வேண்டிய துணி.

தனபால் சாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கப்பல் முழுக்க ஆக்களின்ர உறை, கதிர். எல்லாம் ஒரே வெள்ளை. வில்லை இல்லை. எது அந்த மனுசன்ரை எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

பிரியா அதைத் தொலைபேசியிடம் சொன்னார். அந்த அம்மாளின் பதில் சின்னதாக இருந்தது. "நான் கண்டுபிடிக்கிறேன்."

தனபால் சார் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பின்கட்டுக்குப் போனார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. சோப்பு ஆவி கூடம் முழுவதும் நிறைந்திருந்தது. அவர் ஒவ்வொன்றாகச் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். வேலை செய்துகொண்டிருந்தவர்கள் தீ என்று நினைத்து ஓடிவந்தார்கள். உள்ளே துணி பாதி நுரையில் நின்றது. நான் சேர்ந்த நாளிலிருந்து அந்த இடத்தை அவ்வளவு நிசப்தமாகக் கேட்டதில்லை.

ஆவி போக முன்கதவைத் திறந்துவிட்டோம். திறந்ததும் மல்லிகை வந்தது. பக்கத்துக் கடை சுப்பையா அண்ணனுடையது, பூக்கடை. வெள்ளிக்கிழமை, கூடை கூடையாகக் கட்டி வைத்திருந்தார். கூடவே சாம்பிராணி, சந்து முழுக்கப் புகை. அந்த அம்மாள் கதவுப் பக்கம் திரும்பி, மூக்கைக் கையால் மூடினார்.

யாராவது போய்ச் சொல்ல வேண்டும். தனபால் சார் என்னைப் பார்த்தார். போனேன்.

"அண்ணே, சாம்பிராணியைக் கொஞ்ச நேரம் அணைக்கணும்."

சுப்பையா அண்ணன் வீசிக்கொண்டிருந்த விசிறியைக் கீழே வைத்தார். "என்னது?"

"அணைக்கணும்ணே. பூவையும் கொஞ்சம் மூடணும்."

"டேய் கதிரு, இத்தனை வருஷமா பக்கத்துக் கடை. வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசினதில்ல. இன்னைக்குத் தொறந்து, வெள்ளிக்கிழமை அதுவுமா, சாம்பிராணியை அணைன்னு கேக்கறியா? எவனாவது கம்ப்ளெய்ண்ட் பண்ணினானா?"

"உள்ள ஒரு அம்மா வந்திருக்காங்க. புருஷன் செத்துட்டாரு. அழுக்குத் துணில அவர் வாசத்தைத் தேடுறாங்க. பூ வாசத்துல தெரியல."

அவர் என்னையே பார்த்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பிறகு குனிந்து, தூபக்காலை எடுத்து, கடைக்குப் பின்னால் கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்தார். சொய்யென்று சத்தம் வந்தது. கோணியை நனைத்துக் கூடைகள்மேல் போட்டார். தொங்கிய மாலைகளைக் கழற்றி உள்ளே வைத்தார். மாலை வாங்க வந்து நின்ற ஒரு பெண்ணிடம், "அப்புறம் வாங்க, இப்ப இல்ல" என்றார்.

"மல்லி மொட்டு, உள்ள பூத்துக்கிட்டுத்தான்டா இருக்கும்," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. சீக்கிரம் பாக்கச் சொல்லு."

பிரிக்கும் கூடத்தில் சாக்குகளைக் கவிழ்த்தோம். அந்த அம்மாள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலி கொடுத்தேன், வேண்டாம் என்றார். கையுறை கொடுத்தேன், அதையும் தள்ளிவிட்டார். விரிப்புகளையும் துண்டுகளையும் ஒதுக்கி, தலையணை உறைகளை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் முகர்ந்தார். பக்கத்தில் வைத்தார். அடுத்தது.

நான் கையுறையும் முகமூடியும் போட்டு, மூச்சை அடக்கிப் பிரிக்கிற துணி அது. அப்போதும் போட்டிருந்தேன். தலை எண்ணெய், வியர்வை, வாய் எச்சில், தைலம், எஞ்சின் கரி, இன்னும் பெயர் சொல்ல விரும்பாதவை. முன்பின் தெரியாத ஆண்கள் படுத்த துணி. அந்த அம்மாள் எதற்கும் முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை முழுவதுமாக அதில் வைத்து, அந்த மனிதர் யார் என்று பார்த்துவிட்டு, மரியாதையாக ஒதுக்கி வைத்தார். எங்கள் ஆட்கள் சுவரோரமாக நின்றார்கள். பிரியா வெளியே போய்விட்டார்.  குவியல் குறைந்துகொண்டே வந்தது. ஒருவேளை இதில் இல்லாவிட்டால்? கப்பலில் யாராவது எடுத்துப் போட்டிருந்தால்? கடைசி உறையை நான் எப்படி இந்தக் கையில் கொடுப்பேன்?

ஒன்றை அவர் ஒதுக்கி வைத்தார். அடுத்ததை நான் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஒதுக்கியதைத் திரும்ப எடுத்தார். திருப்பினார். உட்பக்கத்தை வெளியே இழுத்து, தையல் ஓரத்தில் மூக்கை வைத்தார்.

அப்படியே இருந்தார். முதுகு மட்டும் ஏறி இறங்கியது. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. 

பிறகு தலையை நிமிர்த்தி, அந்த உறையை என் பக்கம் நீட்டினார்.

வாங்கி மடிக்கச் சொல்கிறார் என்று கை நீட்டினேன். இல்லை என்று தலையசைத்து, என் முகமூடியைக் காட்டினார்.  பின்னால் நகர்ந்தேன். அவர் கை நீட்டியபடியே இருந்தது. தான் கண்டது சரிதானா என்று கேட்க, ஸ்டாவ்ரோவைத் தெரிந்தவன் இந்த ஊரில் அவருக்கு வேறு யாரும் இல்லை.

முகமூடியைக் கழற்றினேன். குனிந்தேன்.

அது என்ன வாசனை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த மொழியிலும் அதற்கு என்னிடம் பெயர் இல்லை. ஆனால் ஸ்டாவ்ரோ அறைக் கதவைத் திறந்துகொண்டு நடைவழிக்கு வந்து என் எதிரில் நின்றதுபோல் இருந்தது. அவ்வளவு பக்கத்தில்.  ஆமாம் என்று தலையசைத்தேன். பல தடவை தலையசைத்துக்கொண்டே இருந்தேன் என்று பிறகு தனபால் சார் சொன்னார்.

அவரே போய்ப் புதிய பிளாஸ்டிக் உறை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த அம்மாள் தலையணை உறையை மடிக்கவிடவில்லை. இருந்தபடியே உள்ளே வைத்தார். தனபால் சார் காற்றை அழுத்தி வெளியேற்றாமல், அப்படியே வாயைச் சூட்டுக் கருவியில் வைத்து ஒட்டினார். ஒட்டிய ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து, இன்னொரு கோடும் ஒட்டினார்.

"சார், அது கப்பல் துணி" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார்.

"ஒண்டு குறையட்டும். நான் கதைச்சுக்கொள்றன்."

நான் தேய்த்து வைத்த பொட்டலத்தையும் அந்த அம்மாள் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். பிரியா தொலைபேசியை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கார் சந்தைவிட்டுத் திரும்பும் வரை சுப்பையா அண்ணன் கோணியை எடுக்காமல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"இனி செத்த ஆளின்ர உடுப்பு வந்தா," என்றார் தனபால் சார், "வீட்டு ஆக்களைக் கேட்டுப்போட்டுத் துவையும்." அந்த விதி பிறகு ஒன்றிரண்டு முறை தேவைப்பட்டது. கேட்டோம். துவைத்தே கொடுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

அன்று மாலை வேலை மிச்சம் இருந்தது. நின்றுபோன இயந்திரங்கள் திரும்ப ஓடின. கப்பல் துணியையும் போட்டாக வேண்டும், காலையில் பட்டறைக்குப் போக வேண்டும். சாக்குகளை நானே பெரிய இயந்திரத்தில் ஏற்றினேன். கதவைச் சாத்தியபோது கண்ணாடி வழியாக விரிப்புகள் தெரிந்தன. அந்த அம்மாள் உறையை மட்டும்தான் தேடினார். ஸ்டாவ்ரோ படுத்த விரிப்பும் அதற்குள்தான் எங்கோ இருந்தது. எது என்று எனக்குத் தெரியாது. தேடியிருந்தால் தெரிந்திருக்கும். விசைமேல் விரலை வைத்தேன். அழுத்த முடியவில்லை. எடுத்தேன், மறுபடியும் வைத்தேன்.

தனபால் சார் எப்போது வந்து பக்கத்தில் நின்றார் என்று தெரியாது. கைப்பொத்தான்கள் அவிழ்ந்திருந்தன. அவர் என் கையை மெல்ல விலக்கிவிட்டுத் தாமே அழுத்தினார். இரண்டு பேரும், கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.